நிறத்துக்கு இல்லை, புண்ணுக்கு

கணினித் திரையில் ‘மறுக்கப்பட்டது’ என்று வந்தவுடன் உங்களில் பலர் என்ன செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வெளியே பெஞ்சில் காத்திருப்பவரைக் கூப்பிட்டு, “கார்டுல வரலைம்மா” என்று சொல்லிவிட்டு, அடுத்தவரின் அட்டையை வாங்கிக்கொள்கிறீர்கள். உங்களைப் போலவே மருத்துவமனைக் காப்பீட்டு மேசையில் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருந்தவள் நான். அப்படிச் சொல்வதில் எவ்வளவு சௌகரியம் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். மறுத்தவர் எங்கோ ஓர் அலுவலகத்தில் இருக்கிறார், நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இருந்துவிடலாம். ஆனால் பெஞ்சில் இருப்பவருக்கு அந்த அலுவலகம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது நம் முகம் ஒன்றுதான்.

விண்ணப்பத்தை எப்படி அனுப்புவது, எந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது என்பதையெல்லாம் உங்களில் புதிதாக வந்தவர்கள்கூட ஒரு வாரத்தில் பழகிக்கொள்வார்கள். அதைச் சொல்ல நான் வரவில்லை. பூங்காவனத்தைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

நான் வேலை பார்த்தது கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில். பெரிய இடம் இல்லை. காய்ச்சல், பிரசவம், குடலிறக்கம், எலும்பு முறிவு, இவைதான் அங்கே அன்றாடம். வியாழக்கிழமை மட்டும் புதுச்சேரியிலிருந்து புற்றுநோய் அறுவை மருத்துவர் ஒருவர் வருவார். நாங்கள் அவரை வியாழக்கிழமை டாக்டர் என்றே சொல்லுவோம். சென்னைக்குப் போக முடியாதவர்களுக்கு அவர் வருகை பெரிய விஷயம். அதோடு, அரசு காப்பீட்டு அட்டையை எங்கள் மருத்துவமனை ஏற்றுக்கொண்டது. அட்டையில் முன் அனுமதி வாங்கிக் கொடுப்பது என் வேலை.

பூங்காவனம் முதல்முறை வந்தபோது தலையோடு சேர்த்து முகத்தைத் துண்டால் சுற்றியிருந்தாள். கையில் குடை. தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. துண்டை எடுத்தபோதுதான் பார்த்தேன். தலைமுடி, புருவம், இமை எல்லாம் வெளுப்பு. தோலில் நிறமே இல்லாமல் பிறந்தவள். கண்கள் ஓரிடத்தில் நிற்காமல் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. அவளுக்குப் பார்வையும் கம்மி. அப்படிப் பிறந்தவர்களுக்கு வெயில் ஆகவே ஆகாது. ஆனால் அவள் பிழைப்பே வெயிலில்தான். கரும்புக்குக் களை எடுப்பது, மக்காச்சோளம் ஒடிப்பது, எது கிடைத்தாலும் போவாள். வெயிலில் நிற்க முடியாது என்று சொல்கிற ஆளை யார் கூலிக்குக் கூப்பிடுவார்கள்?

வலது கன்ன எலும்பின் மேல், கண்ணின் கடைக்கோடிக்குச் சற்றுக் கீழே, ஒரு புண். ஓரம் தடித்து, நடுவில் பொருக்குத் தட்டி, தொட்டால் ரத்தம் கசிந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக இருக்கிறதாம். மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் போட்டிருக்கிறாள். வேறொரு டாக்டரிடமும் போயிருக்கிறாள். அவர் எட்ட இருந்தே பார்த்துவிட்டு, உன் தோலுக்கு இதெல்லாம் வரத்தான் செய்யும் என்று சொல்லி மறுபடியும் களிம்பு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

வியாழக்கிழமை டாக்டர் அவளை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்து வெகுநேரம் பார்த்தார். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். புண்ணின் ஓரத்தில் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அடுத்த வாரம் முடிவு வந்தது. தோல் புற்றுநோய். இன்னும் உள்ளே பரவவில்லை, முழுதாக எடுத்துவிட்டால் சரியாகிவிடும், ஆனால் தள்ளிப்போட்டால் கண்ணுக்கு வந்துவிடும் என்றார். ஏற்கெனவே பார்வை குறைந்தவளுக்குக் கண்ணின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் வீட்டுக்காரர் முருகேசன், மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் ஓட்டுகிறவர். நல்ல மனிதர், ஆனால் பயந்துபோயிருந்தார். புற்றுநோய் என்றால் வீட்டை விற்றாலும் முடியாது என்று யார் யாரோ சொல்லியிருந்தார்கள். அடுத்த தடவை வரும்போது செல்போன் வைத்திருந்த ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கஷ்டப்படுகிறவர்களின் முகத்தைக் காட்டி வீடியோ போட்டு உதவி திரட்டித் தருகிற ஆளாம். அவர் என் அறையிலேயே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, துண்டை எடுக்கச் சொன்னார். வெள்ளையாக இருப்பதால் நிறையப் பேர் பார்ப்பார்கள், பணம் சீக்கிரம் சேரும் என்று எனக்கு விளக்கமும் சொன்னார்.

பூங்காவனம் துண்டை எடுக்கவில்லை. வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள்.

“பொறந்ததுலேருந்து ஊரே என்ன வேடிக்கதான் பாத்துக்கினு இருக்குது. அத நானே காசுக்கு காட்டணுமா? இவர அனுப்பிச்சுடு.”

“காசுக்கு இன்னா பண்றது?” என்றார் முருகேசன்.

“கார்டு இருக்குதில்ல. அது எதுக்கு குடுத்தாங்க?”

அவர் என்னைப் பார்த்தார். அட்டையில் இந்த அறுவைக்கு வழி இருக்கிறது என்று சொன்னேன். வீடியோக்காரர் என்னைக் கோபமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகுதான் எனக்குச் சங்கடம் வந்தது. முன் அனுமதிக்கு நானும் அவள் முகத்தைப் படம் எடுத்தாக வேண்டும். விதி அப்படி. கதவைச் சாத்திவிட்டு அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். இதை யார் பார்ப்பார்கள் என்று கேட்டாள். காப்பீட்டு அலுவலகத்தில் ஒரு டாக்டர் பார்ப்பார், வேறு யாரும் பார்க்க மாட்டார்கள் என்றேன். டாக்டர் என்றால் சரி என்று துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முழு முகம் ஒன்று, புண்ணைக் கிட்டத்தில் ஒன்று எடுத்தேன். பரிசோதனை முடிவையும் டாக்டரின் குறிப்பையும் சேர்த்து அனுப்பினேன். அடுத்த வியாழக்கிழமை அறுவை என்று முடிவானது. புதன்கிழமையே வந்து படுக்கையில் சேரச் சொன்னோம்.

புதன்கிழமை அவள் பையோடு வந்து இறங்கிய கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. மறுப்பு. காரணமும் எழுதியிருந்தார்கள்: வெண்தோல் குறைபாட்டுக்கான அழகு சிகிச்சை, திட்டத்தில் இடமில்லை.

நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். படத்தைப் பார்த்தவர் அவள் நிறத்தைப் பார்த்திருக்கிறார். கிட்டத்தில் எடுத்த படத்தைத் திறந்தாரா, பரிசோதனை முடிவைப் படித்தாரா என்பது தெரியவில்லை. எட்ட இருந்து பார்த்துக் களிம்பு எழுதியவருக்கும் இவருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

அதற்குள் விஷயம் பெரிய டாக்டருக்குப் போய்விட்டது. மருத்துவமனை அவருடையது. என்னைக் கூப்பிட்டு, நாளைய பட்டியலிலிருந்து அந்தப் பெண்ணை எடுத்துவிடு, மறுபடியும் விண்ணப்பம் போடு, அனுமதி வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. அனுமதி இல்லாமல் செய்த அறுவைகளுக்குக் கையைச் சுட்டுக்கொண்டவர். மறுபடியும் விண்ணப்பம் போட்டால் இந்த வியாழன் போய்விடும். அடுத்த வியாழன் டாக்டர் வெளியூரில் ஒரு கூட்டத்துக்குப் போகிறார். அதற்கடுத்த வியாழன் யாருக்குத் தெரியும்? கண்ணுக்கும் அந்தப் புண்ணுக்கும் இடையில் இருந்த இடத்தை நான் படம் எடுக்கும்போது கிட்டத்தில் பார்த்தவள். பட்டியலை இன்று சாயங்காலம்வரை மாற்ற வேண்டாம் சார், நான் பேசிப் பார்க்கிறேன் என்று கேட்டேன். சாயங்காலம்வரைதான் என்றார்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நோயாளியிடம் சொல்லாமல் நாமே ஓடியாடிச் சரி செய்துவிடலாம் என்று தோன்றும். அதை நல்ல மனசு என்றுகூட நினைத்துக்கொள்வோம். அப்படிச் செய்யாதீர்கள். அது அவர்களுடைய உடம்பு, அவர்களுடைய அட்டை. மறுத்தால் மறுத்தார்கள் என்று சொல்லுங்கள், என்ன எழுதினார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

நான் பூங்காவனத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வந்த பதிலை அப்படியே படித்துக் காட்டினேன். அழுவாள் என்று நினைத்தேன். முருகேசன்தான் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அழகு சிகிச்சைன்னா இன்னா மேடம்?”

சொன்னேன்.

“செவப்பாவறதுக்கு, கறுப்பாவறதுக்கு பண்ணுவாங்களே, அதுவா?”

“அதுதான்.”

அவள் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “போன் போடுங்க. இத எழுதனவருகிட்ட நானு பேசணும். பேசற வரிக்கும் இந்த நாற்காலிய வுட்டு எந்திரிக்க மாட்டன்.”

வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் நேரமாகிறது என்று முணுமுணுத்தார். அவள் துண்டை எடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அந்த மனிதர் புண்ணைப் பார்த்துவிட்டுப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

போன் செய்தேன். எடுத்த பெண், மின்னஞ்சல் அனுப்புங்கள் மேடம் என்றாள். மருத்துவ அதிகாரியோடு பேச வேண்டும் என்றேன். அப்படி வழக்கமில்லை என்றாள். நோயாளி என் எதிரில் இருக்கிறார், நாளைக் காலை அறுவை, மறுத்தவர் எந்தக் காரணத்துக்காக மறுத்தார் என்று அவர் வாயால் கேட்காமல் போனை வைக்க மாட்டேன் என்றேன். பாட்டு ஒன்றை ஓடவிட்டார்கள். அது நின்று இன்னொருவர் வந்தார், அவரும் மின்னஞ்சல் என்றார். நான் முதலிலிருந்து சொன்னேன். மறுபடியும் பாட்டு. குரலை உயர்த்தவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. கத்தினால் போனை வைக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். கெஞ்சினால் நாம் கேட்பது சலுகை என்று ஆகிவிடும்.

கடைசியில் அந்த டாக்டரே வந்தார். இளம் குரல். கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, வெண்தோலுக்கு இந்தத் திட்டத்தில் சிகிச்சை கிடையாது மேடம், உங்களுக்கே தெரியுமே என்றார். சார், அதில் சதைப் பரிசோதனை முடிவு ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் பூங்காவனம் போனை வாங்கிக்கொண்டாள்.

“சார், நான்தான் அந்த போட்டோல இருக்கறவ. நானு பொறந்ததுலேருந்தே வெள்ளதான் சார். அதுக்கு நான் வைத்தியம் கேக்கல. என் நெறத்துக்கு இல்ல, புண்ணுக்கு கேக்கறன். கண்ணாண்ட வந்துடுச்சு. அந்தப் படத்த நல்லா பெருசாக்கி பாருங்க.”

பார்த்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, மன்னிக்கணும்மா என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. அதை நான் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அப்படிச் சொன்னவர்கள் என் அனுபவத்தில் ரொம்பக் கம்மி.

ஆனால் வேலை அதோடு முடியவில்லை. கட்டியை எடுக்க அனுமதி தருகிறேன், எடுத்த இடத்தைப் பக்கத்துத் தோலைத் திருப்பி மூடுகிறீர்களே, அது அழகுக்கானது, அதற்கு என்னால் தர முடியாது என்றார். நான் வியாழக்கிழமை டாக்டரைப் புதுச்சேரியில் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். அவர் அதிர்ந்து பேசாதவர். அன்று அவர் குரல் மாறியிருந்தது. அந்த இடத்தை மூடாமல் விட்டால் தழும்பு கீழிமையை இழுத்துவிடும், கண் மூடாது, மூடாத கண் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று கேட்டார். மூடுவது கண்ணைக் காப்பாற்ற, முகத்தை அலங்கரிக்க இல்லை என்று உடனே எழுதி அனுப்பினார். நான் அதைச் சேர்த்து அனுப்பினேன். சாயங்காலம் கட்டியை எடுக்க அனுமதி வந்தது. மூடுவதற்கு ‘பரிசீலனையில் உள்ளது’ என்று வந்தது.

காலையில் அறுவைக்கு முன்பு பெரிய டாக்டர் என் அறைக்கே வந்துவிட்டார். அனுமதி வந்த அளவுக்குச் செய்வோம், கட்டியை எடுத்துவிட்டுக் கட்டுப் போட்டு அனுப்புவோம், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்றார்.

பாதி அறுவை என்று ஒன்று இல்லை. இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எனக்கு அந்த மருத்துவமனையில் சம்பளம் தருகிறவர் அவர். எதிரே நின்று பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் சொன்னேன்.

“சரி சார். ஆனா இத நான் போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க. துண்ட எடுக்கச் சொல்லி, முகத்தப் பாத்துச் சொல்லுங்க.”

என்னை முறைத்தார். பிறகு நிஜமாகவே வார்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். பூங்காவனம் பச்சை உடுப்பு மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவர் அவள் முன்னால் நின்றார். அதுவரை அவர் அவளைப் பார்த்ததில்லை. குனிந்து பார்த்தார். கீழிமையை விரலால் மெதுவாக இழுத்து விட்டுப் பார்த்தார். அவரும் அறுவை மருத்துவர்தான். சொல்ல வந்ததை அவர் சொல்லவில்லை.

“சென்னைக்கு போவலாம்னு யாராவது சொன்னாங்களாம்மா?” என்று கேட்டார்.

“சொன்னாங்க சார். போனா தங்கணும், கூட ஒரு ஆளு வரணும், ரெண்டு பேரு கூலியும் போவும். தெரியாத ஊருல மொதல்லேருந்து எல்லாரும் வேடிக்க பாப்பாங்க. இங்கன்னா பாத்து முடிச்சுட்டாங்க.” அவரை நிமிர்ந்து பார்த்தாள். “எங்க ஊருக்கு பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்குது, டாக்டரு வராரு, கார்டும் இருக்குது. அப்பறம் நான் எதுக்கு சார் சென்னைக்கு போவணும்?”

அவர் திரும்பி நடந்தார். வாசலில் என்னிடம், “முழுசா செய்யச் சொல்லு. அனுமதிய நீ வாங்கித் தரணும்” என்றார்.

முழுசாகச் செய்தார்கள். கண்ணைத் தொடாமல், புண்ணைச் சுற்றி நல்ல சதை வரும்வரை எடுத்து, காதுப் பக்கத்துத் தோலைத் திருப்பி மூடினார் வியாழக்கிழமை டாக்டர். எடுத்த சதையின் ஓரங்களில் நோய் இல்லை என்று முடிவு வந்தபோது முருகேசன் டிராக்டரை நிறுத்திவிட்டு வந்து என் அறை வாசலில் நின்று சிரித்தார். மூடியதற்கான அனுமதியை வாங்க நான் சலிக்காமல் எழுதிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு ஒரு காரணம் கேட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் பதில் அனுப்பினேன். கடைசியில் தந்தார்கள். அதை ஒரு வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். தர வேண்டியதைத் தந்தார்கள், அவ்வளவுதான்.

பூங்காவனம் அதன் பிறகு சொன்ன தேதியில் வந்து காட்டிவிட்டுப் போவாள். ஒருமுறை புறங்கையில் சின்னதாகச் சொரசொரப்பு என்று தானே வந்தாள். அது சின்னதாக இருக்கும்போதே எடுத்தாகிவிட்டது. வெயில் ஏறுவதற்கு முன்னால் வேலையை முடித்துக்கொண்டு வயலை விட்டுக் கரையேறிவிடுகிறாள். அரைக் கூலிதான் தருவேன் என்று மேஸ்திரி சொன்னதற்கு, அரைக் கூலிக்கு அரை நாள் வேலைதான் என்று சொல்லிவிட்டாளாம்.

நான் ஓய்வு பெறப் போகிற சமயத்தில் ஒரு நாள் அவள் என் அறைக்கு வந்தாள். தனியாக இல்லை. கல்வராயன்மலைக்கு மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போன இடத்தில் ஒரு குடும்பத்தைப் பார்த்திருக்கிறாள். அந்தத் தாயையும் அவள் மகளையும் பேருந்தில் ஏற்றிக் கூட்டி வந்துவிட்டாள். சிறுமிக்கு ஐந்து வயது இருக்கலாம். பூங்காவனத்தைப் போலவே நிறமில்லாத குழந்தை. கன்னமும் மூக்கும் வெயிலில் வெந்து சிவந்திருந்தன. புண் எதுவும் இல்லை.

“இன்னும் ஒண்ணும் வரல மேடம்” என்றாள் பூங்காவனம். “வர வுடக் கூடாதுன்னுதான் இட்டாந்தன்.”

தோல் டாக்டரிடம் அனுப்பினேன். அவர் பார்த்துவிட்டு, வெயிலைத் தடுக்கிற களிம்பு தினமும் போட வேண்டும், அகலத் தொப்பி, முழுக்கைச் சட்டை, பார்வை கம்மி என்பதால் வகுப்பில் முதல் பெஞ்சு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை என்றார். களிம்பின் விலையைக் கேட்டதும் தாயின் முகம் சுருங்கியது. தொப்பி போட்டால் மலையில் எல்லாரும் இன்னும் ஜாஸ்தியாகப் பார்ப்பார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“பாக்கறவங்க பாத்துக்கினு போவட்டும்” என்றாள் பூங்காவனம். “நீ புள்ள கன்னத்த பாரு.”

அன்றைக்கு நான் அந்தச் சிறுமியின் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு யோசித்தேன். புற்று வந்த பிறகு வெட்டி எடுக்கத் திட்டத்தில் இடம் உண்டு. அது வராமல் இருக்க ஒரு தொப்பிக்கும் களிம்புக்கும் இடம் இல்லை. எனக்கு இது தெரியாததா? தெரியும். என் இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கிற உங்களுக்கும் தெரியும். தொப்பியையும் முதல் களிம்பையும் அன்று எப்படியோ வாங்கிக் கொடுத்துவிட்டோம். ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் யாராவது ஒருவர் எப்படியோ வாங்கிக் கொடுப்பது ஒரு வழி இல்லை.

அவர்கள் மூன்று பேரும் எதிரில் இருக்கும்போதே காப்பீட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். இந்தத் திட்டத்தில் அதற்கு இடமில்லையே மேடம் என்றார்கள்.

“தெரியும்” என்றேன். “அதுக்காகத்தான் போன் பண்றேன். உங்க மேலதிகாரியக் கூப்பிடுங்க.”

பாட்டு ஓடத் தொடங்கியது. பூங்காவனம் சிறுமிக்கும் தாய்க்கும் நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.